இடது காதின் நுனி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? விரிப்பை உதறி, கண்ணை மூடிக்கொண்டு, நாலு முனையையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். நாலும் முழுசாகக் கையில் கிடைத்தால் மடிப்பார். ஒரு முனை கிழிந்திருந்தாலும் தையலுக்குத் தள்ளிவிடுவார். பழக்கம் முற்றிப்போய் பஸ் டிக்கெட்டையும் மடிப்பார், மருந்துச் சீட்டையும் மடிப்பார். சண்டை வந்தால் மனைவி, "என்னையும் நாலா மடிச்சு அலமாரியில வெச்சிடுங்க" என்பாள்.

சலவைக்கூடத்தின் பின்முற்றம் வழியாக நீராவிக் குழாய்கள் போகும். அந்தச் சூட்டுக்குப் பதினோரு பூனைகள் குடியிருந்தன. யாரும் அழைத்து வந்தவை அல்ல. போகச் சொன்னாலும் போகிறவை அல்ல. அவற்றில் மூத்தது சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை. தினமும் காலையில் குழாய்மேல் உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார்கள் என்று பார்க்கும். தாமதமாக வந்தவரை வாசலிலிருந்து இயந்திரம்வரை கண்ணாலேயே கொண்டுபோய் விடும். அதனால் அதற்கு மேஸ்திரியம்மா என்று பெயர். உண்மையான மேஸ்திரிக்கு யாரும் பயந்ததில்லை.

மேஸ்திரியம்மா மனிதர் கையில் போகாது, மடிப்பின் கையைத் தவிர. அவர் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காரும். அவர் டப்பாவில் மீதி வைத்தால் தின்னும், வைக்காவிட்டால் மன்னித்துவிடும்.

போன தடவை அது குட்டி போட இரண்டு நாள் ஆனது. மடிப்பு தலையணை உறையில் சுற்றி, பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எப்பவோ வண்டியில அடிபட்டு இடுப்பெலும்பு கோணலா சேர்ந்திருக்குங்க. இந்தத் தடவை பொழைச்சது அதிர்ஷ்டம். இன்னொரு தடவை சினைப்பட்டா தாங்காது. கருத்தடை பண்ணிடுங்க."

"எவ்வளவு ஆகும் டாக்டர்?"

டாக்டர் சொன்னார். மடிப்பு அந்தத் தொகையை மனதுக்குள் நாலாக மடித்துப் பார்த்தார். அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது.

"நகர மன்றத்துல தெருப் பூனை நலப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இலவசம்" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்ததை மடிப்பு பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

*

தெருப் பூனை நலப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. படிக்கட்டில் பூனைகள் நுழையத் தடை என்று பலகை மாட்டியிருந்தது. கவுண்டரில் ஓர் அம்மாள், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, படிவத்தை எடுத்தார்.

"பூனை யாரோடது?"

"யாரோடதும் இல்ல மேடம். பின்முற்றத்துல இருக்கு."

"உரிமையாளர் இல்லாத பூனைக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"நான் போடுறேன்."

"அப்ப நீங்க உரிமையாளர். உரிமையாளர் இருக்கிற பூனைக்கு இந்தத் திட்டம் கிடையாது."

"இல்ல மேடம். நான் சும்மா மீதி வெக்கிறவன்."

கவுண்டர் அம்மாள் கெட்டவர் இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டி, அவருக்கென்றே ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தார். "'பூனைக்கு அறிமுகமானவர்'ன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுக்கலாம். எத்தனை வருசப் பழக்கம்?"

"ஆறு வருசம்."

"நல்ல அபிப்பிராயமா?"

"யாருக்கு யார் மேல மேடம்?"

"அது படிவத்துல இல்ல. ஆம்னு போட்டுடறேன்."

இப்படியாக மடிப்பு பதினோரு பூனைகளுக்கு அதிகாரபூர்வமாக அறிமுகமானார். அடுத்த வாரமே தபாலில் ஒரு அட்டை வந்தது. 'பகுதிப் பூனை ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்து, அவர் படத்தை ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் வைத்திருந்தார்கள். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி அவருக்கு ஒரு அட்டை கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, போட்டோவுல நல்லா இருக்கீங்க. பூனைக்காவது உங்க அருமை தெரிஞ்சுதே" என்றாள்.

*

முகாம் ஒரு காலி மனையில் நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக நாற்காலிகள். ஊழியர்கள் கூண்டுகளோடு வந்து பத்துப் பூனைகளைப் பிடித்துப் போனார்கள். மேஸ்திரியம்மா கூண்டைப் பார்த்ததும் குழாய்மேல் ஏறிக்கொண்டது. எவ்வளவு மீன் காட்டியும் இறங்கவில்லை.

"நான் தூக்கிட்டு வர்றேன்" என்றார் மடிப்பு. கையை நீட்டினார். அது வந்தது. தலையணை உறையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு முகாம்வரை நடந்தார். வழியெல்லாம் அது முண்டவில்லை. அவர் போகிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று அதற்கு ஒரு நினைப்பு.

பந்தலுக்குள் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒருவர் பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடும் கருவிபோல ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். எதையோ தெளித்தார், அழுத்தினார். மேஸ்திரியம்மாவின் இடது காது நுனி வெட்டுப்பட்டுத் தட்டில் விழுந்தது. தட்டில் ஏற்கெனவே பத்து நுனிகள் இருந்தன.

"தோடு குத்துற மாதிரிதான் ஐயா. அடுத்து."

"ஆபரேஷன்?"

"அடுத்து!"

பதினோரு பூனைக்கும் மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். பந்தலுக்குப் பின்னால் ஆபரேஷன் அறை இருக்கும் என்று மடிப்பு சுற்றிப் போய்ப் பார்த்தார். பின்னால் ஒலிபெருக்கிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் மேடையில் திட்ட அலுவலர் பேசத் தொடங்கிவிட்டார். நல்ல உயரம், நல்ல குரல், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மடிப்பின் கண்ணுக்கே குறை தெரியாத மடிப்பு.

"பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்க? கருத்தடைன்னா ஆபரேஷன்னு நினைக்கிறாங்க. சரி, ஆபரேஷன் எங்க நடக்குது? வயித்துக்குள்ள. வயித்துக்குள்ள நடக்கிறதை மேலிடம் எப்படிப் பார்க்கும்? தணிக்கைக்காரர் எப்படி எண்ணுவார்? காது அப்படியில்ல. தெருமுனையில நின்னாலே தெரியும். எல்லா ஊர்லயும் ஆபரேஷன் பண்ணிட்டு, பண்ணியாச்சுன்னு அடையாளத்துக்குக் காதை வெட்டுறாங்க. நாங்க உட்கார்ந்து யோசிச்சோம். அடையாளம்தான் முக்கியம்னா, அதை ஏன் கடைசி வரைக்கும் காக்க வெக்கணும்? அதனால முதல் கட்டம், காது. இரண்டாம் கட்டம், மத்தது. கஷ்டமானதைக் கடைசியா வெச்சதாலதான் இன்னைக்கு நாம நூத்துக்கு நூறு முடிச்சிருக்கோம்."

கைதட்டல் எழுந்தது. மடிப்பும் தட்டப் போனார். கையில் பூனை இருந்ததால் முடியவில்லை. தலையணை உறையில் ஒரு சொட்டு ரத்தம் பரவியிருந்தது. ஆஸ்பத்திரி ரத்தமென்றால் எந்தத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பின்முற்றத்துக்கு வந்து உறையைப் பிரித்ததும் மேஸ்திரியம்மா இறங்கி நடந்தது. ஓடவில்லை. குழாய்மேல் ஏறி, அவரை ஒரு தடவை பார்த்தது. தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும் பார்வைதான்.

அன்றிலிருந்து அது படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. அவர் டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் இறங்கும்.

*

இரண்டு மாதத்தில் அதன் வயிறு தெரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் பாய்லர்காரர். மடிப்பைவிட இரண்டு வயது மூத்தவர், காது கொஞ்சம் மந்தம், ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னப்பா ஒருங்கிணைப்பாளரே, உன் மேஸ்திரி சாப்பாடு அதிகமா சாப்பிடுதா, இல்ல வேற விஷயமா?"

மடிப்பு எட்டிப் பார்த்தார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

"மேடம், பதினோரு பூனையில ஒண்ணு சினையா இருக்கு. ஆபரேஷன் உடனே பண்ணணும். இல்லேன்னா செத்துப்போயிடும்."

கவுண்டர் அம்மாள் பதிவேட்டைப் பார்த்தார். "உங்க பதினோரு பூனையும் முடிஞ்சாச்சே ஐயா. காது வெட்டின பூனை சினையாகாது."

"ஆபரேஷன் பண்ணவே இல்லையே."

"அது இரண்டாம் கட்டம்."

"அப்ப இரண்டாம் கட்டத்துல எழுதிக்குங்க."

"அதுக்குப் பூனையைப் பிடிக்கணும். காது வெட்டின பூனையை மறுபடி பிடிக்கக் கூடாது, விதி பதினேழு. ஒருதடவை ஆபரேஷன் ஆன பூனையை மறுபடி அறுத்துடக் கூடாதுன்னு இரக்கத்துல போட்ட விதி."

"அப்ப இரண்டாம் கட்டம் எந்தப் பூனைக்கு மேடம்?"

"காது வெட்டாத பூனைக்கு."

"அதுங்களுக்குப் பண்ணுவீங்களா?"

"முதல் கட்டம் முடியாம இரண்டாம் கட்டம் எப்படிப் பண்றது?"

 தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி அந்த அம்மாளின் முகம் ஒரு மாதிரியானது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ஒரு போட்டோ எடுத்து மனு போடுங்க. நான் மேல அனுப்பறேன். என்னால முடிஞ்சது அதுதான்" என்றார் மெதுவாக.

போட்டோ எடுக்கக் கிட்டப் போனால் மேஸ்திரியம்மா நகர்ந்துகொண்டது. பாய்லர்காரர்தான் தூரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று நிபுணர்கள் கொண்ட குழு அந்தப் படத்தை ஆராய்ந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. வயிறு அதற்குள் தரையைத் தொட்டிருந்தது.

'படத்தில் காணும் பூனையின் இடது காது நுனி நீக்கப்பட்டுள்ளதால், வயிற்றின் பருமன் கொழுப்பு எனத் தீர்மானிக்கப்படுகிறது. கருத்தடைக்குப் பின் பூனைகள் பருப்பது இயல்பே. இது திட்டத்தின் வெற்றிக்குக் கூடுதல் சான்று. இத்துடன் உடற்பயிற்சி அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது.'

அட்டவணையில் தினமும் அரை மணி நேரம் நூல் பந்து விளையாட்டு என்று போட்டிருந்தது. மடிப்பு அதை மடிக்கவில்லை. அவர் கைக்கு வந்த காகிதங்களில் மடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் போனார். "மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குங்க டாக்டர். எத்தனை மாசமானாலும் சரி."

"பணம் இல்லைங்க விஷயம்" என்றார் டாக்டர். "காது வெட்டின பூனை திட்டத்தோட பூனை. அதுமேல நான் கத்தி வெச்சா, ஆபரேஷனே நடக்கலைன்னு நான் அவங்களைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். போன வருசம் ஒருத்தர் வெச்சாரு. இப்ப அவர் மீன் தொட்டி விக்கிறாரு." பிறகு சொன்னார்: "அன்னைக்கு முழுக் காதோட கொண்டு வந்தப்பவே, இருக்கறதைக் குடுங்கன்னு சொல்லிப் பண்ணியிருக்கணும். நான்தான் உங்களை அங்க அனுப்பினேன்."

"நான்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றார் மடிப்பு.



*

ஒரு புதன்கிழமை காலை, இஸ்திரி உருளையிலிருந்து வந்த விரிப்புகளை மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியம்மா உள்ளே வந்தது. நேராகத் தள்ளுவண்டிக்குள் ஏறி, சூடான விரிப்புகள்மேல் படுத்தது. தன்னிடம்தான் வந்தது என்று சொல்லிக்கொள்ள மடிப்புக்கு ஆசைதான். அது சூட்டுக்கு வந்தது.

பத்து மணிக்கு ஒரு குட்டி வந்தது. பத்தே முக்காலுக்கு இன்னொன்று. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. வயிறு மட்டும் இறுகி இறுகித் தளர்ந்தது. மடிப்பு கையைத் தள்ளுவண்டியின் விளிம்பில் வைத்தபடி நின்றார். ரொம்ப நேரம் கழித்து, மேஸ்திரியம்மா அந்தக் கையைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, தலையை அதன்மேல் சாய்த்தது. வெட்டின காது அவர் உள்ளங்கையில் பட்டது. நுனி இருக்க வேண்டிய இடம் தழும்பேறிச் சொரசொரவென்றிருந்தது.

"டாக்டருக்குப் போன் போடுங்கண்ணே" என்றார் மடிப்பு. பாய்லர்காரர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

டாக்டர் நிஜமாகவே வந்தார். பையைச் செய்தித்தாளில் சுற்றி, சலவைக்கு எதையோ கொடுக்க வந்தவர்போலப் பின்வாசல் வழியாக வந்தார். வரும்போது மணி பன்னிரண்டு இருபது. மேஸ்திரியம்மா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

டாக்டர் குனிந்து நாடி பார்த்தார். செய்தித்தாளைப் பிரித்தார். "இப்ப தொடலாம்" என்றார். "செத்ததுக்கு விதி பதினேழு இல்லை."

வயிற்றுக்குள் இருந்த இரண்டு குட்டிகளும் உயிரோடு இல்லை. வெளியே வந்த இரண்டையும் துடைத்து, சூடான தலையணை உறையில் வைத்துக் கொடுத்தார். சொட்டுக் குழாயில் பால் கொடுப்பது எப்படி என்று காட்டினார். "ரெண்டும் பொட்டை. ஆறு மாசம் ஆனதும் எங்கிட்ட கொண்டு வாங்க. நான் பண்றேன், காசு வேண்டாம். ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க." தன் காது நுனியைத் தொட்டுக் காட்டினார். "காது முழுசா இருக்கணும்."

*

பகுதிப் பூனை ஒருங்கிணைப்பாளர் பூனையின் மரணத்தை இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மடிப்பு விதியை மீறுகிறவர் இல்லை. இந்தத் தடவை திட்ட அலுவலரே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எதனால செத்தது?"

"குட்டி போட்டு, சார்."

"சாத்தியமில்லை. வயசாயிடுச்சுன்னு எழுதறேன்." எழுதினார். "பாருங்க, உங்க பகுதியில பூனை எண்ணிக்கை பதினொண்ணுலேர்ந்து பத்து. திட்டத்தோட நோக்கமே எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான். அந்தப் பூனையோட ஒத்துழைப்பை நாம மறக்கக் கூடாது."

"சார், குட்டிங்க பிறந்துச்சு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வலி தெரிந்தது. பக்கத்து வட்டாரத்தின்மேல் வந்த வலி. "புரியுது. அந்தப் பக்கத்துக்காரன் திட்டத்தை ஒழுங்கா நடத்தறதில்லை. அவன் ஊர்ப் பூனை எல்லை தாண்டி வந்திருக்கு. கவலைப்படாதீங்க, வெள்ளிக்கிழமை நானே நேர்ல வந்து குட்டிங்களுக்குக் காதை முடிச்சு வெச்சிடறேன். இந்த வருசம் முழுமைக் கேடயம் உங்க பகுதிக்குத்தான். ரெண்டே ரெண்டு காதால அது கைவிட்டுப் போகக் கூடாது பாருங்க."

*

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். கூடவே கருவிப் பெட்டியோடு ஒருவர், கேடயத்தோடு ஒருவர், கேமராவோடு ஒருவர். பின்முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். குழாய்மேல் உட்கார்ந்திருந்த பத்துப் பூனைகளும் ஒருசேர எழுந்து, மதிலேறிப் போய்விட்டன. எல்லாவற்றின் இடது காதும் மொட்டையாக இருந்ததை அலுவலர் மகிழ்ச்சியோடு பார்த்தார்.

"குட்டிங்க எங்க?"

"இல்ல சார்" என்றார் மடிப்பு. "போயிடுச்சு."

அறுபதை நெருங்குகிற வயதில் அவர் வேலையிடத்தில் சொன்ன முதல் பொய். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. எளிதாகத்தான் இருந்தது.

அப்போது, வாசலோரம் நின்ற தள்ளுவண்டியில் அடுக்கிய விரிப்புகளுக்கு அடியிலிருந்து, 'ம்யீ' என்று நூல்போல ஒரு சத்தம்.

அலுவலர் தலையைச் சாய்த்தார். "என்ன சத்தம்?"

"உருளை பெல்ட் சார்" என்றார் பாய்லர்காரர். காது மந்தமானவர், அலுவலர் கேட்டு முடிப்பதற்குள்ளே சொன்னார்.

மறுபடி ஒரு 'ம்யீ'. இப்போது எல்லோருக்குமே கேட்டது. கருவிப் பெட்டிக்காரர் தள்ளுவண்டியைப் பார்த்தார். கேமராக்காரர் கூரையைப் பார்த்தார். அலுவலர் மடிப்பைப் பார்த்தார், பிறகு கேடயத்தைப் பார்த்தார். கேடயத்தில் 'முழுமை' என்று பொன்னெழுத்தில் ஏற்கெனவே பொறித்திருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் போவதென்றால் எத்தனை படிவம்!

"எண்ணெய் போடுங்க" என்றார் அலுவலர்.

படிவத்தில் 'வெட்டாத காது: இல்லை' என்று எழுதி நீட்டினார். மடிப்பு கையெழுத்துப் போட்டார். கேடயத்தைக் கையில் கொடுத்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றார் கேமராக்காரர். மேஸ்திரியம்மா வழக்கமாக உட்காரும் குழாய்தான் பின்னணி. வெளிச்சம் அங்கே நன்றாக இருந்ததாம்.

அவர்கள் போன பிறகு மடிப்பு கேடயத்தைத் தரையில் வைத்தார். தள்ளுவண்டிப் பக்கம் வந்து, மேலே இருந்த விரிப்புகளை எடுக்காமலே கையை உள்ளே விட்டார். சூடாக, ஈரமாக, இரண்டு குட்டித் தலைகள் விரலைத் தேடி முட்டின.

கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, நுனி நுனியாகத் தொட்டுப் பார்த்தார்.

நாலும் முழுசாகக் கையில் கிடைத்தன.